மோட்டார் வண்டியின் முன் தொங்கலும் இறப்பர்ப் புஷ்களும்

மோட்டார் வண்டியைப் பற்றி உரையாடுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே உரையாடுவர். அதன் குதிரைவலு எத்தனை, அது மணிக்கு எத்தனை மைல் ஓடும், ஒரு கலன் பெற்றோலில் எவ்வளவு தூரம் செல்லும் என்பனவே முதலில் எழும் வினாக்கள். ஓடும் வண்டி செலுத்துபவன் கருதிய வழியிலே செல்வதும், பிறேக்கை அழுத்தியபோது ஒரு பக்கம் இழுக்காது நேரே நிற்பதும் எதனால் நிகழ்கின்றன என்று ஆராய்வார் மிகச் சிலரே. தேர் பெரிதாயினும் அது சிறிய அச்சாணியை நம்பியே உருள்கின்றது. மோட்டார் வண்டியும் அவ்வாறே உள்ளங்கையில் அடங்கும் சில இறப்பர்த் துண்டுகளை நம்பி ஓடுகின்றது. புஷ் என்று பட்டறைகளில் வழங்கும் அத்துண்டுகளின் இயல்பையும், அவை பழுதுற்றவிடத்து அவற்றை மாற்றும் முறையையும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றனைச் சான்றாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றாகக் கொண்ட வண்டி

அவ்வண்டி எம். ஜி. பி. என்பதாகும். எம். ஜி. என்னும் எழுத்துக்கள் ஒக்ஸ்போட் நகரிலிருந்த மொறிஸ் கராஜஸ் என்னும் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தவை. அந்நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊரின் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இவ்வண்டி செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1980-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஆகவே இன்று ஓடும் எம். ஜி. பி. எதுவாயினும் நாற்பது ஆண்டுகளைக் கடந்ததேயாகும். எனினும் அதனைப் பேணி வைத்திருப்போர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் உளர். அதற்கு வேண்டிய உதிரிப்பாகங்களும் இன்றுவரை புதிதாகச் செய்யப்படுகின்றன. அதன் உறுப்புக்கள் எளிய அமைப்புடையன. கண்ணாற் கண்டு கையாற் கழற்றத் தக்கன. ஆதலின் கற்க விரும்பும் மாணவனுக்கு இவ்வண்டி நல்லதொரு பாடநூல் எனலாம்.

இவ்வண்டியின் முன் தொங்கலமைப்பு 1962-இல் புதிதாகத் தோன்றியதன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரும் ஜாக் டானியல்ஸ் என்பவரும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அதனை வகுத்தனர். போர் முடிந்தபின் 1947-இல் எம். ஜி. வை என்னும் வண்டியில் அது இடம்பெற்றது. 1955-இல் வந்த எம். ஜி. ஏ. வண்டியிலும், அதன் வழிவந்த எம். ஜி. பி. வண்டியிலும் அடிப்படை மாறாது தொடர்ந்தது. மொறிஸ் மைனர் வண்டியையும் 1959-இல் வந்த மினி வண்டியையும் வகுத்தவரும் இந்த இசிகோனிஸே என்பது நினைவுகூரத் தக்கது.

தொங்கலின் உறுப்புக்கள்

வண்டியின் முன்புறத்தில் வலிய குறுக்குச் சட்டம் ஒன்று உளது. அதன் இரு முனைகளிலும் சுருள்வில் ஒவ்வொன்று அமர்ந்திருக்கும். வில்லின் அடியைத் தாங்குவது ஒரு தட்டு. அத்தட்டின் முன்னும் பின்னும் இரும்புக் கைகள் இரண்டு பொருத்தப்பட்டுள்ளன. இவ்விரண்டும் சேர்ந்து கவடு போலத் தோன்றுதலால் விஷ்போன் என்னும் பெயர் பெற்றன. கைகளின் உள் முனைகள் குறுக்குச் சட்டத்தோடு பிணைந்த அச்சுத்தண்டு ஒன்றிற் கோக்கப்பட்டுள்ளன. வெளி முனைகள் சில்லைத் தாங்கி நிற்கும் கிங்பின்னின் அடியோடு சேர்கின்றன. கிங்பின்னின் தலைப்பகுதி மேலேயுள்ள ஷொக் அப்சோபரின் கைகளோடு இணைகின்றது. இவ்வண்டியில் ஷொக் அப்சோபர் அதிர்ச்சியை அடக்குவதோடு மேற்கையாகவும் தொழில் செய்கின்றது.

இவ்வமைப்பில் இறப்பர்ப் புஷ்கள் இருக்குமிடங்களை அறிதல் வேண்டும். கீழ்க் கைகளின் உள் முனைகள் முதலாவது இடம். ஒவ்வொரு கையின் துளையிலும் இரு புறமிருந்தும் ஒவ்வொன்றாக இரண்டு துண்டுகள் நுழைக்கப்படுதலால் வண்டி முழுவதற்கும் எட்டுத் துண்டுகள் வேண்டும். கிங்பின்னின் தலையிலுள்ள இணைப்பு இரண்டாவது இடம். அங்கே பக்கத்துக்கு இரண்டாக நான்கு உள. வளைவுகளில் வண்டி சாயாது தடுக்கும் குறுக்குத் தண்டு உள்ள வண்டிகளில் அதனைப் பற்றிநிற்கும் புஷ்கள் மூன்றாவதாகும். கிங்பின்னின் அடியிலே மட்டும் இறப்பர் இல்லை. அங்கு உலோகத்தின்மேல் உலோகம் சுழலுதலால் கிறீஸ் ஊட்டுதல் இன்றியமையாதது. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர்க் கூறப்படுவன இதனைப் பற்றியே அமையும்.

சுழலாது முறுகும் உறுப்பு

கதவுக் கீலிலும் மாட்டுவண்டிச் சில்லிலும் ஒரு பகுதி மற்றொன்றின்மேல் வழுக்கிச் சுழல்கின்றது. வழுக்குமிடத்தில் உராய்வு உண்டு. ஆகவே எண்ணெய் வேண்டும். இறப்பர்ப் புஷ் இவ்வகையினது அன்று. அதன் உட்புறத்தை அச்சுத்தண்டு இறுகப் பற்றிக்கொள்ளும். வெளிப்புறத்தைக் கையின் துளை இறுகப் பற்றிக்கொள்ளும். கை மேலும் கீழும் அசையும்போது எவ்விடத்திலும் வழுக்குதல் நிகழ்வதில்லை. இடையிலுள்ள இறப்பரே சற்று முறுகி, மீண்டும் தன் நிலைக்கு வருகின்றது. எனவே புஷ் என்பது உண்மையில் மிகச் சிறியதொரு முறுக்குவில் எனலாம். வழுக்குதல் இல்லாமையால் எண்ணெய் வேண்டியதில்லை. தேய்வும் மிகக் குறைவு. வீதியிலிருந்து எழும் நுண்ணிய அதிர்வுகளும் இறப்பரில் அடங்கி, வண்டியின் உடலைச் சென்றடையாது குறைகின்றன.

இவ்வியல்பை இறப்பருக்கு அளித்தது வல்கனைசேஷன் என்னும் முறையாகும். பச்சை இறப்பர் வெயிலிற் பிசினாகும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது அது உறுதியும் மீள்தன்மையும் பெறக் கண்டார். இறப்பரின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 வித்துக்களை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. அக்கன்றுகளில் ஏறக்குறைய 1,900 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட பூங்காவில் வளர்க்கப்பட்டன. கிழக்கு நாடுகளின் இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கும் அவற்றின் வழிவந்த கன்றுகளே மூலமாயின.

பழுதின் அறிகுறிகள்

இறப்பர் என்றும் இளமையாய் இருப்பதன்று. காற்றிலுள்ள ஓசோன் அதன் மேற்பரப்பில் வெடிப்பை உண்டாக்கும். எஞ்சினின் வெப்பம் அதனை இறுகச் செய்யும். எண்ணெய் அதற்குப் பெரும் பகை. இயற்கை இறப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து வலுவிழக்கும். எம். ஜி. பி. வண்டியில் ஷொக் அப்சோபர் மேலே இருத்தலால், அதிலிருந்து கசியும் எண்ணெய் கீழுள்ள புஷ்களின்மேல் வீழ்வதும் உண்டு. அவ்வாறாயின் கசிவை நிறுத்தாது புஷ்ஷை மாத்திரம் மாற்றுதல் ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றதாம்.

புஷ் தேய்ந்த வண்டி தன் நோயைத் தானே கூறும். பள்ளத்தில் இறங்கும்போதும் பிறேக்கை அழுத்தும்போதும் முன்புறத்தில் "தடக்" என்னும் ஒலி கேட்கும். நேரான வீதியிலும் வண்டி அங்குமிங்கும் அலையும். செலுத்துபவன் ஸ்ரியரிங்கை ஓயாது திருத்திக்கொண்டிருக்க நேரும். முன் ரயர்கள் ஒரு பக்கமாகத் தேயும். வண்டிக்கு அடியிற் சென்று நோக்கினால், கையின் துளைக்கு நடுவே இருக்க வேண்டிய அச்சுத்தண்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதும், இறப்பர் பிதுங்கியிருப்பதும் காணலாம். இவ்வறிகுறிகளைச் சிறியனவென்று புறக்கணித்தல் தகாது. பிறேக்கை அழுத்தும்போது சில்லைப் பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் இப்புஷ்களே தாங்குகின்றன. அவை தளர்ந்தால் சில்லு தன் திசையினின்றும் சிறிது திரும்பும். இரு பக்கமும் ஒத்துத் தளர்வது அரிது. ஆதலால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மழை நாளில் விரைந்து செல்லும் வண்டியில் இது உயிருக்கே கேடாய் முடியலாம்.

கழற்றும் முறை

இனி, கழற்றும் முறையை நோக்குவோம். இவ்வேலையில் அஞ்சத்தக்க பொருள் ஒன்று உண்டு. அது சுருள்வில். வண்டியின் நிறை ஏறக்குறைய 2,000 இறாத்தல்; முன் சில்லு ஒவ்வொன்றும் தாங்குவது 500 இறாத்தல் அளவு. ஆனால் வில் அமர்ந்திருப்பது சில்லினடியில் அன்று, கையின் நடுப்பகுதியில். நெம்புகோல் விதியைக் கற்ற மாணவர் இதன் விளைவை உடனே உணர்வர். வில்லின்மேல் நிற்கும் சுமை ஏறத்தாழ இரு மடங்காகி, 1,000 இறாத்தலை அடைகின்றது. அத்துணை விசையோடு ஒடுங்கியிருக்கும் வில் கட்டின்றித் தெறித்தால் எலும்பை முறிக்கும். ஆதலின் பின்வரும் ஒழுங்கை ஒருபோதும் மாற்றலாகாது.

தரை சமமாகவும் கடினமாகவும் இருத்தல் வேண்டும். பின் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, முன்புறத்தை உயர்த்தி, உடலின் அடிச்சட்டங்களை உறுதியான இரும்புத் தாங்கிகளில் இருத்த வேண்டும். ஜக் ஒன்றனை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ்ச் செல்லுதல் கூடாது. ஒரு பக்கத்தை முற்றாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுதல் நன்று. கழற்றாத பக்கம் கழற்றிய பக்கத்துக்கு வழிகாட்டியாய் நிற்கும். துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் இடலாம். ஆனால் மாற்றாது விடக் கருதிய இறப்பரின்மேல் அது படாதிருத்தல் வேண்டும்.

சில்லைக் கழற்றிய பின்பு, வில்தட்டின் நடுவே ஜக்கை வைத்து, ஷொக் அப்சோபரின் கை தன் தடுப்பு இறப்பரை விட்டு எழும்வரை உயர்த்த வேண்டும். இப்பொழுது வில்லின் விசையை ஜக் தாங்குகின்றது. பிறேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியினாற் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் நிறை பிறேக் குழாயில் தங்கலாகாது. ஸ்ரியரிங் தண்டின் முனையையும், சாய்வைத் தடுக்கும் தண்டின் இணைப்பையும் விலக்கிய பின், கிங்பின்னின் தலையிலுள்ள போல்டை உருவ வேண்டும். மேலிணைப்பு விடுபட்டதும் சில்லின் குடம் வெளிப்புறம் சாயும். அதனையும் கயிற்றினாற் பிணைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வில்லினூடே ஒரு சங்கிலியைக் கோத்துச் சட்டத்தோடு கட்டி, பக்கத்தில் ஒதுங்கி நின்று, ஜக்கைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். வில் நீண்டு விசை முழுவதும் இழந்தபின் அதனைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

அடுத்து வில்தட்டின் போல்ட்களைக் கழற்றிக் கைகளை விடுவிக்கலாம். வெளி முனையிலுள்ள நீண்ட போல்ட் துருவினால் உட்குழாயோடு ஒட்டிக்கொண்டிருத்தல் பழைய வண்டிகளில் வழமை. அசையாதவிடத்து அதனை அறுத்து நீக்கிப் புதியது இடுதலே தக்கது. சம்மட்டியால் அடித்துக் கிங்பின்னைச் சிதைத்தல் வேண்டா. உள் முனையிலுள்ள நட்டுகளின் ஸ்பிலிற் பின்னை இழுத்து, நட்டையும் வாசரையும் நீக்கினால் கை வெளிவரும். பழைய இறப்பர் துண்டு துண்டாக உதிர்வதைக் காணலாம்.

உறுப்புக்கள் யாவும் வெளிவந்த இவ்வேளையே சோதனைக்கு உகந்தது. அச்சுத்தண்டில் பள்ளம் விழுந்துளதா, கையின் துளை வட்டம் கெட்டு நீண்டுளதா, வில்தட்டில் வெடிப்பு உண்டா, கிங்பின் தளர்ந்துளதா என்பவற்றை ஒவ்வொன்றாக நோக்க வேண்டும். தேய்ந்த கிங்பின்னுக்குப் புதிய புஷ் மருந்தாகாது.

எப்புஷ் நல்லது?

இவ்வண்டிக்கு மூவகைப் புஷ்கள் கிடைக்கின்றன. இரு துண்டாய் அமைந்த பழைய இறப்பர்ப் புஷ் முதலாவது. 1973-இல் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த எம். ஜி. பி. ஜி. ரி. வி-8 வண்டிக்கென அமைந்தது இரண்டாவது. அதில் உள்ளும் புறமும் உருக்குக் குழாய்கள் இருக்க, இடையே இறப்பர் அவற்றோடு இறுக ஒட்டப்பட்டுள்ளது. கைக்கு ஒன்றாக நான்கே போதும். இதனைச் சாதாரண எம். ஜி. பி. வண்டியிலும் இடலாம், இது நெடுநாள் உழைக்கும். மூன்றாவது பொலியுறேதேன் என்னும் செயற்கைப் பொருளாலாயது. அது கடினமானது, ஸ்ரியரிங்கின் துல்லியத்தை மிகுவிக்கும். ஆனால் வீதியின் அதிர்வையும் மிகுதியாகக் கடத்தும். மேலும் அது முறுகுவதன்று; அச்சுத்தண்டு அதனுள் வழுக்கிச் சுழலும். ஆகவே அதற்குரிய சிலிக்கன் கிறீஸ் இடாவிடில் ஓயாது கிரீச்சிடும். பந்தயம் ஓடுவோருக்கு அது ஏற்றதாகலாம். வீதியில் இன்பமாகச் செல்ல விரும்புவோருக்கு இரண்டாவது வகையே சாலச் சிறந்தது.

பழைய ரயரை வெட்டிப் புஷ் செய்வாரும் உளர். ரயரின் உள்ளே நூற்படைகள் இருத்தலால் அது ஒத்த அளவில் முறுகாது. வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்ப்பதற்கு அது உதவலாமேயன்றி, நிலையான மருந்தாகாது.

பூட்டும் முறை

புதிய இறப்பரை நுழைக்கும்போது எஞ்சின் எண்ணெயோ கிறீஸோ பூசுதல் தவறு. காரணம் மேலே கூறப்பட்டது. சவர்க்கார நீர் போதும். அது நுழையும்போது வழுக்கும். உலர்ந்தபின் இறப்பர் இரும்பைப் பற்றிக்கொள்ளும். வி-8 வகையை ஏற்ற குழாய்த் துண்டுகளை வைத்து நேராக அழுத்தி நுழைக்க வேண்டும். கைகளை அச்சுத்தண்டிற் கோத்து, நட்டுகளைக் கையளவில் மாத்திரம் முடுக்கி விட வேண்டும். கிங்பின்னின் அடியை மேற்சொன்னவாறு கிறீஸ் ஊட்டிக் கைகளின் வெளி முனைகளோடு சேர்த்து, வில்தட்டையும் பூட்ட வேண்டும். பின்பு வில்லை அமர்த்தி, ஜக்கை மெல்ல உயர்த்தி, கிங்பின்னின் தலையைப் புதிய புஷ்களோடு ஷொக் அப்சோபரின் கையில் இணைக்க வேண்டும். அங்கும் நட்டு தளர்ந்தே இருக்கட்டும்.

இனிக் கூறப்படுவதே இவ்வேலையின் உயிர்நிலையாகும். வண்டி தாங்கியின்மேல் நிற்கும்போது கைகள் கீழ்நோக்கித் தொங்கும். அந்நிலையில் நட்டுகளை இறுக்கினால், தொங்கும் நிலையே இறப்பருக்கு இயல்பான நிலையாய் அமைந்துவிடும். பின்னர் வண்டியைத் தரையில் இறக்கியதும் கைகள் மேலெழும், இறப்பர் முறுகும். எடுத்துக்காட்டாக, கை பதினைந்து பாகை எழுமாயின் இறப்பரும் பதினைந்து பாகை முறுகிய நிலையிலேயே இரவும் பகலும் நிற்கும். வண்டி வெறுமனே நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. மேட்டில் ஏறும்போது அம்முறுக்கம் மேலும் மிகும். இவ்வாறு ஓயாது வருந்தும் இறப்பர் விரைவிற் கிழியும். முறுகிய இறப்பர் கையைக் கீழே தள்ளுதலால் வண்டியின் முன்புறமும் சற்று உயர்ந்தே நிற்கும்.

ஆதலால் செய்ய வேண்டியது இது. சில்லுகளைப் பூட்டி, வண்டியைத் தரையிலோ, சில்லுகளின் கீழ் வைத்த உறுதியான மரக்கட்டைகளின் மேலோ இறக்க வேண்டும். முன்புறத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டினால் அது தன் இயல்பான உயரத்தில் அமரும். அந்நிலையிலேயே உள் முனை நட்டுகளையும் மேலிணைப்பின் நட்டையும் கைந்நூல் விதித்த அளவுக்கு இறுக்க வேண்டும். ஸ்பிலிற் பின்னின் துளை நேர்படாவிடில் நட்டை மேலும் சிறிது முடுக்கி நேராக்க வேண்டுமேயன்றித் தளர்த்தலாகாது. பழைய ஸ்பிலிற் பின்னை மீண்டும் பயன்படுத்துதலும் கூடாது. இவ்வாறு இறுக்கிய இறப்பர் வண்டி நிற்கும்போது ஓய்ந்திருக்கும். ஓடும்போது மேலும் கீழும் ஒத்த அளவில் முறுகும்.

பின்னர் மறுபக்கத்தையும் இவ்வாறே முடித்து, முன் சில்லுகளின் திசையை அளந்து பார்த்தல் வேண்டும். இவ்வண்டியில் முன் சில்லுகள் முன்புறத்தில் 1/16 முதல் 3/32 அங்குலம் வரை உள்நோக்கி ஒடுங்கியிருத்தல் முறை. நூறு மைல் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நன்று. புஷ்களுக்கு எண்ணெய் வேண்டாவெனினும், கிங்பின்னின் கிறீஸ் வாய்கள் பக்கத்துக்கு மூன்றாக உள, அவற்றை மறத்தலாகாது.

நிற்க. எம். ஜி. பி. வண்டியைக் கண்ணாற் காணாதோரும் மொறிஸ் மைனர் வண்டியை அறிவர். 1948-இல் வெளிவந்த அவ்வண்டி இன்றும் இலங்கையின் வீதிகளில் ஓடுகின்றது. அதில் சுருள்வில்லுக்குப் பதிலாக நீண்ட முறுக்குத் தண்டு உளது. அதனைக் கழற்றும் முறையும் வேறு. ஆயினும் கீழ்க் கையின் உள் முனையில் இறப்பர்ப் புஷ் உண்டு. அதற்கும் விதி இதுவே. 1990-களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அரியனவாயிருந்த காலத்தில், இத்தகைய பழைய வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் பயணிகளையும் சுமந்தன. கிடைத்தற்கரிய புஷ் ஒன்று ஓராண்டு உழைப்பதும் பத்தாண்டு உழைப்பதும், அதனை இறுக்கியவன் வண்டியைத் தொங்கவிட்டு இறுக்கினானா, தரையில் நிறுத்தி இறுக்கினானா என்பதில் தங்கியுள்ளது. இரண்டுக்கும் செலவு ஒன்றே. நேரமும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு, இறப்பர் சுழலாது முறுகும் பொருள் என்று இறுக்குபவன் அறிந்திருத்தலே.